அட்மின் பாஸ்வேர்டு இல்லாத கணினியில் ஒலிப்பதிவை எழுத்தாக்க முடியுமா? பேச்சு மென்பொருள்களை 'இன்ஸ்டால்' செய்யாமல் இயக்குவது எப்படி?

உங்களிடம் ஒரு மணி நேர ஒலிப்பதிவு இருக்கிறது. ஆய்வுக்காக எடுத்த நேர்காணலாக இருக்கலாம், அலுவலகக் கூட்டமாக இருக்கலாம், ஒரு நோயாளியோ புகார்தாரரோ மனம்விட்டுப் பேசியதாகவும் இருக்கலாம். அதை எழுத்தாக்க வேண்டும். ஒரு மென்பொருளை டவுன்லோடு செய்து கிளிக் செய்கிறீர்கள். திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. அது உங்களிடம் இல்லை. ஐ.டி. பிரிவைக் கேட்டால், "டிக்கெட் போடுங்க, பார்க்கலாம்" என்று பதில் வருகிறது.

பலரும் அடுத்து செய்வது என்ன தெரியுமா? கூகுளில் தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு 'இலவச' இணையதளத்தில் அந்த ஒலிப்பதிவை ஏற்றிவிடுவார்கள். கணினியைப் பாதுகாக்கப் போட்ட பூட்டு அப்படியே இருக்கிறது. ஆனால், நம்மை நம்பிப் பேசிய ஒருவரின் குரல், யாருடையது என்றே தெரியாத ஒரு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதற்கு அவசியமே இல்லை. பேச்சை எழுத்தாக்குவது, குரலின் ஏற்ற இறக்கத்தை அளப்பது, ஒலியைப் பதிந்து திருத்துவது, திரையில் இருப்பதை வாசிக்கச் செய்வது என எல்லாவற்றுக்கும் அட்மின் உரிமை இல்லாமலேயே இயங்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எது முடியும், எது முடியாது என்ற கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அந்தப் பெட்டி ஏன் வருகிறது?

விண்டோஸில் இந்த எச்சரிக்கைப் பெட்டி விஸ்டா பதிப்பில் அறிமுகமானது. ஒரு புரோகிராம் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் எதையாவது எழுத வேண்டும் என்றாலோ, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ரெஜிஸ்ட்ரி பகுதியை மாற்ற வேண்டும் என்றாலோ, டிரைவர் நிறுவ வேண்டும் என்றாலோ அது நிர்வாகியின் அனுமதியைக் கேட்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், பெரும்பாலும் அனுமதி கேட்பது மென்பொருள் அல்ல, அதை நிறுவும் 'செட்டப்' ஃபைல்தான். ஒலிக்கோப்பைப் படிப்பது, கணக்குப் போடுவது, விடையை இன்னொரு கோப்பில் எழுதுவது ஆகிய மூன்றுதான் பேச்சு மென்பொருள் செய்யும் வேலை. இந்த மூன்றையும் உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதனால் டவுன்லோடு பக்கத்தில் 'ஜிப்' அல்லது 'போர்ட்டபிள்' என்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செட்டப் ஃபைலாகவே கிடைத்தாலும், 'எனக்கு மட்டும்' என்ற தேர்வு அதில் இருக்கக்கூடும். பைத்தானின் நிறுவியில் அப்படி உண்டு. 'எல்லாப் பயனர்களுக்கும்' என்ற டிக்கையும், லாஞ்சரை அட்மின் உரிமையுடன் நிறுவும் டிக்கையும் எடுத்துவிட்டால், அது பாஸ்வேர்டு கேட்காமல் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபோல்டரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம்

டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல அலுவலகக் கணினிகளில் அந்த இரண்டுமே ஒன்டிரைவுடன் இணைக்கப்பட்டிருக்கும். நீங்கள் வைத்த நேர்காணல் தானாகவே கிளவுடுக்கு ஏறிவிடும். எதைத் தவிர்க்க இத்தனை பாடுபடுகிறோமோ, அதுவே பின்வாசல் வழியாக நடந்துவிடும். ஒன்றிரண்டு ஜிபி கொண்ட மாடல் கோப்பையும் அங்கே வைத்தால், உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடமும் நிரம்பிவிடும். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, அதில் நேரடியாகப் புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்வது நல்லது.

அதற்கு ஆங்கில எழுத்திலேயே, இடைவெளி விடாமல் பெயர் வையுங்கள். தமிழுக்கு வேலை செய்யும் மென்பொருளே தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரைக் கண்டால் 'கோப்பைக் காணோம்' என்று சொல்வது வேடிக்கைதான். ஆனால் கட்டளைவரியில் இயங்கும் சில மென்பொருள்களுக்கு இன்னமும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

பேச்சை எழுத்தாக்க: விஸ்பர்

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற மாடலை எல்லோரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலியைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட இதற்குத் தமிழ், இந்தி, தெலுங்கு, மலையாளம், வங்காளம் உள்ளிட்ட மொழிகள் தெரியும். இதை ஜார்ஜி கெர்கானோவ் என்ற மென்பொருளாளர் சி பிளஸ் பிளஸ் மொழியில் மறுபடி எழுதியதுதான் 'விஸ்பர் சிபிபி'. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், பைத்தான் வேண்டாம். கிட்ஹப் தளத்தில் விண்டோஸுக்கான ஜிப் கிடைக்கிறது. விரித்தால் போதும், இயங்கும்.

மாடல் கோப்பைத் தனியாக இறக்க வேண்டும். 'டைனி' சுமார் 75 எம்பி, 'பேஸ்' 142 எம்பி, 'ஸ்மால்' 466 எம்பி, 'மீடியம்' 1.5 ஜிபி, 'லார்ஜ்' 2.9 ஜிபி. ஆங்கிலத்துக்கு 'பேஸ்' ஓரளவு தாங்கும். தமிழுக்கு அந்தச் சிறிய இரண்டையும் நம்பிப் பயனில்லை. 'ஸ்மால்' மாடலில் தொடங்கி, கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் 'மீடியம்' முயன்று பாருங்கள். இயங்கும்போது அது சுமார் 2 ஜிபி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும்.

கட்டளைவரியில் சொல்ல வேண்டியது நான்கே விஷயங்கள்: மாடல் எங்கே இருக்கிறது, ஒலிக்கோப்பு எது, மொழி எது, விடை எந்த வடிவில் வேண்டும். இதில் மொழியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் விஸ்பர் சிபிபி ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பேச்சு ஏதேதோ ஆங்கில வாக்கியங்களாக வெளிவரும். "இது தமிழுக்கு உதவாது" என்று மூடிவைத்துவிட வேண்டாம். 'டிஏ' என்ற இரண்டெழுத்துக் குறியை ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுத்தால் சரியாகிவிடும்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது பழக்கமில்லையா? 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளின் போர்ட்டபிள் பதிப்பு இருக்கிறது. வீடியோவுக்கு வசன வரிகள் போடுவதற்காக உருவானது என்றாலும், அதன் மெனுவில் ஒலியை எழுத்தாக்கும் வசதி உண்டு. விஸ்பரையும் மாடலையும் அதுவே இறக்கிக்கொள்ளும்.

ஒலிக்கோப்பின் வடிவமும் பிரச்னை தரும். போனில் பதிவான எம்4ஏ கோப்பு பல இடங்களில் திறக்காது. 'எஃப்எஃப்எம்பெக்' என்ற மாற்றியின் ஜிப்பை இறக்கி, கோப்பை 16,000 ஹெர்ட்ஸ், ஒற்றைச் சேனல், 16 பிட் வேவ் ஆக மாற்றுங்கள். விஸ்பர் உள்ளுக்குள் கேட்பதே அந்த அளவில்தான். அதைவிட உயர்தரத்தில் கொடுத்தாலும் அதற்குப் பயனில்லை. ஒரு மணி நேரப் பதிவு இந்த வடிவில் சுமார் 115 எம்பி வரும்.

வேகத்தைப் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். விஸ்பர் எழுத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் வெளியிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஓரிரு துண்டுகளில் முடிந்துவிடும், தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும். ஆகவே அதே நீளப் பேச்சுக்குத் தமிழில் கூடுதல் நேரம் பிடிக்கும். சாதாரண லேப்டாப்பில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் போகலாம். சாப்பாட்டு இடைவேளைக்கு முன் ஓடவிட்டுப் போவது உத்தமம்.

இன்னொரு எச்சரிக்கை, இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சு நின்று மௌனமாக இருக்கும் இடங்களில், யாருமே சொல்லாத வாக்கியத்தை விஸ்பர் தானாக எழுதிவிடும். இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களிலும், வட்டார வழக்கிலும் பிழைகள் கூடும். வாக்குமூலம், மருத்துவக் குறிப்பு, மேற்கோள் காட்டப்போகும் பேட்டி ஆகியவற்றை ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்காமல் எங்கும் பயன்படுத்தாதீர்கள். வேகமாக ஒரு முதல் வரைவு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்திய மொழிகளுக்கென்றே சென்னை ஐஐடியில் உள்ள ஏஐ4பாரத் ஆய்வு மையம் 'இண்டிக்கன்ஃபார்மர்' என்ற மாடலை 22 மொழிகளுக்கு வெளியிட்டிருக்கிறது. இதற்குப் பைத்தானும் வேறு சில துணைத் தொகுப்புகளும் வேண்டும். அட்மின் உரிமை தேவையில்லை என்றாலும் பொறுமை நிறையவே தேவை. மத்திய அரசின் பாஷினி தளத்திலும் பேச்சை எழுத்தாக்கலாம். ஆனால் அது இணையம் வழியாக இயங்குவது. கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சும் அப்படித்தான். சொந்தக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுத அது வசதி. அடுத்தவர் ரகசியமாகச் சொன்னதற்கு அது இடமல்ல.

'ஒலி வெளியே போகவில்லை' என்று எப்படி உறுதி செய்வது?

ரொம்ப சிம்பிள். மாடலை இறக்கி முடித்ததும் வைஃபையை அணைத்துவிட்டு இயக்கிப் பாருங்கள். அப்போதும் எழுத்து வந்தால் வேலை முழுவதும் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம்.

இது வெறும் மனநிறைவுக்காக அல்ல. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் அவருடைய தனிநபர் தரவு. பெயரும் ஊரும் சொல்லிப் பேசிய ஒலிப்பதிவை வேறு எப்படி வகைப்படுத்துவது? பல்கலைக்கழக ஆய்வு என்றால், பேசியவரிடம் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'பதிவு ஆய்வாளரிடம் மட்டுமே இருக்கும்' என்று எழுதிவிட்டு வெளித்தளத்தில் ஏற்றினால், கொடுத்த வாக்கு மீறப்படுகிறது.

குரலை அளக்க: பிராட்

மொழியியல், பேச்சு-செவியியல் மாணவர்களுக்கு இது தெரிந்த பெயர். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் உருவாக்கிய இலவச மென்பொருள். 'பிராட்' என்றால் டச்சு மொழியில் 'பேச்சு'. சுருதி, ஒலிச்செறிவு, உயிரொலிகளின் அதிர்வு அமைப்பு, நிறமாலைப் படம் என எல்லாவற்றையும் இதில் அளக்கலாம்.

இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஜிப்பை விரித்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு புரோகிராம் கோப்பு. நிறுவுவது என்ற பேச்சே கிடையாது. பென் டிரைவில் வைத்துக்கொண்டு, எந்த ஆய்வகக் கணினியில் உட்கார்ந்தாலும் திறக்கலாம். விருப்பத் தேர்வுகளை மட்டும் உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் ஒரு சிறு ஃபோல்டரில் எழுதி வைக்கும். நீண்ட பதிவுகளை அப்படியே நினைவகத்தில் ஏற்றாமல், நீண்ட ஒலி என்ற தனித் தேர்வு வழியாகத் திறந்தால் பழைய கணினியும் திணறாது.

பதிவு செய்யவும் திருத்தவும்: ஆடாசிட்டி

ஆடாசிட்டிக்கும் ஜிப் பதிப்பு உண்டு. விரித்த ஃபோல்டருக்குள், புரோகிராம் கோப்புக்குப் பக்கத்திலேயே 'போர்ட்டபிள் செட்டிங்ஸ்' என்ற பெயரில், அதே எழுத்துகளில், ஆங்கிலத்தில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்குங்கள். அதன்பின் எல்லா அமைப்புகளையும் அது அங்கேயே சேமிக்கும்.

யூஎஸ்பி மைக் வாங்கினால் டிரைவர் நிறுவ வேண்டாமா? பெரும்பாலான சாதாரண யூஎஸ்பி மைக்குகளுக்குத் தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. செருகினால் போதும். ஸ்டுடியோக்களில் பயன்படுத்தும் ஒலி இடைமுகங்கள் சிலவற்றுக்கும், ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குத் திருப்பும் 'விர்ச்சுவல் கேபிள்' வகைகளுக்கும்தான் தனி டிரைவர் வேண்டும். அதற்கு அட்மின் இல்லாமல் வழியே கிடையாது. ஆனால் ஆன்லைன் கூட்டத்தின் ஒலியைப் பதிவதுதான் நோக்கம் என்றால் அந்த கேபிளே வேண்டாம். ஆடாசிட்டியின் ஒலி அமைப்பில் 'வாசபி' என்பதைத் தேர்ந்தெடுத்து, பதிவுக் கருவியாக 'லூப்பேக்' என்று முடிவதைக் கொடுத்தால், ஸ்பீக்கரில் கேட்பது அப்படியே பதிவாகும். கூட்டத்தில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு: என்விடிஏ

மேலே சொன்னவை இல்லாமல் ஒருநாள் ஓட்டிவிடலாம். திரை வாசிப்பான் இல்லாமல் ஒரு பார்வையற்ற ஊழியர் கணினியில் ஒரு மின்னஞ்சலைக்கூடப் படிக்க முடியாது. புது வங்கிக் கிளைக்கு மாற்றலாகி முதல் நாள் போய் உட்காரும்போது, அட்மின் பாஸ்வேர்டு மண்டல அலுவலகத்தில் இருக்கிறது என்றால் அன்றைய வேலை என்ன ஆவது?

என்விடிஏ இலவசத் திரை வாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் இதைத் தொடங்கினார். அவரும், அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டேவும் சேர்ந்து உருவாக்கிய என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இதை நடத்துகிறது. டவுன்லோடு செய்த கோப்பை இயக்கியதுமே அது பேச ஆரம்பித்துவிடும். நிறுவுவதா, போர்ட்டபிள் நகல் எடுப்பதா, தற்காலிகமாக இப்படியே தொடர்வதா என்று கேட்கும். போர்ட்டபிள் நகலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டால், எந்தக் கணினியிலும் அட்மின் உரிமை இல்லாமல் ஓடும். அதோடு வரும் 'இஸ்பீக் என்ஜி' குரல் தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமானதுதான். ஆனால் வேகமாக வாசிக்க விட்டாலும் தெளிவாகக் கேட்கும் என்பதால் அதையே விரும்புகிறவர்கள் உண்டு.

போர்ட்டபிள் நகலின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். லாகின் திரையை அது வாசிக்காது. கணினி இயங்கும்போது தானாகத் தொடங்காது. அட்மின் உரிமையில் ஓடும் மென்பொருள்களோடு வேலை செய்யாது. பாஸ்வேர்டு கேட்கும் அந்தப் பெட்டி வந்தால் ஊமையாகிவிடும். ஆகவே இது அவசரத்துக்குத்தான். நிரந்தரத் தீர்வு முறையாக நிறுவுவதே. அதைக் கேட்பது சலுகை கோருவதல்ல. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஒவ்வொரு அரசு நிறுவனமும் தன் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதலாம்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை, 'தடுக்கப்பட்டது' என்றே வருகிறது. என்ன செய்வது?

இரண்டும் வேறு வேறு. பாஸ்வேர்டு பெட்டி என்றால், நிறுவுவதற்கு அனுமதி இல்லை என்று பொருள், ஜிப் பதிப்பு வேலை செய்யலாம். 'உங்கள் நிர்வாகி இந்தச் செயலியைத் தடுத்துள்ளார்' என்று வந்தால், ஆப்லாக்கர் போன்ற கட்டுப்பாடு போடப்பட்டிருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர்களில் இருப்பவை மட்டுமே இயங்கும் என்ற விதி அதில் வழக்கமானது. அங்கே போர்ட்டபிளும் எடுபடாது.

'விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது' என்ற நீலத்திரை மூன்றாவது வகை. அதிகம் பேர் பயன்படுத்தாத கோப்பு என்றாலே அது வரும். கோப்பை மென்பொருளின் அதிகாரபூர்வ தளத்தில்தான் எடுத்தீர்களா என்று பாருங்கள். அந்தத் தளம் சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டிருந்தால், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் 'செர்ட்யூட்டில்' கட்டளையால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதற்கும் அட்மின் வேண்டாம். ஒத்துப்போனால் மட்டும் தொடருங்கள்.

கட்டுப்பாடே போட்டிருந்தால், அதை உடைக்கும் 'ட்ரிக்' வீடியோக்களைத் தேடிப் போகாதீர்கள். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவது, சேதம் விளைவிப்பது போன்றவை தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் வரும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வேலை போவது தனிக்கதை. தவிர, ஒரு வைரஸ் உள்ளே வந்தால் அலுவலகம் முழுவதும் பரவாமல் தடுப்பதும் அதே கட்டுப்பாடுதான்.

அங்கே எழுதிக் கேட்பதுதான் வழி. "ஒரு சாஃப்ட்வேர் வேணும்" என்று எழுதினால் டிக்கெட் அப்படியே கிடக்கும். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எடுத்த தளம், சரிபார்ப்பு எண், இணையம் இல்லாமல் இயங்குகிறது என்ற குறிப்பு, எந்த வேலைக்கு வேண்டும் என்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். கூடவே, இது இல்லாவிட்டால் ரகசியப் பதிவுகளை வெளித்தளங்களில் ஏற்றும் நிலை வரும் என்பதையும் சேருங்கள். ஐ.டி. பிரிவுக்குப் புரியும் மொழி அதுதான்.

லினக்ஸ் என்றால் விஷயம் இன்னும் எளிது. 'சுடோ' இல்லாமல் தொகுப்பு நிறுவ முடியாது என்றாலும், ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே மென்பொருளைக் கட்டமைத்து இயக்கலாம். சில ஆய்வகங்களில் ஹோம் ஃபோல்டரில் எதுவும் இயங்காதபடி செய்திருப்பார்கள். அங்கும் எழுதிக் கேட்பதே வழி.

வேலை முடிந்து எழுந்திருக்கும் முன்...

பலர் பயன்படுத்தும் கணினி என்றால், ஃபோல்டரை அழித்துவிட்டு மறுசுழற்சித் தொட்டியையும் காலி செய்யுங்கள். மூலப் பதிவு மட்டுமல்ல, எஃப்எஃப்எம்பெக் மாற்றிய வேவ் கோப்பு, விஸ்பர் எழுதிய உரைக்கோப்பு, ஆடாசிட்டியின் தற்காலிகக் கோப்புகள், பிராட் உங்கள் பயனர் ஃபோல்டரில் விட்டுச்சென்ற சிறு ஃபோல்டர், டவுன்லோட்ஸில் கிடக்கும் நகல் ஆகியவையும் சேர்த்துத்தான். வாட்ஸ்அப் வெப் வழியாகப் பதிவை இறக்கியிருந்தால், அதிலிருந்து லாக்அவுட் ஆகிவிட்டுக் கிளம்புங்கள்.